செழியனுக்குப் போட்ட பொன்னாடை

மார்ச் 12

நாட்குறிப்பு எழுத வேண்டும் என்று டேலி மேடம் சொல்லிவிட்டார். நெருக்கடியில் இருப்பவர்களிடம் எப்படிப் பேசுவது என்று இந்தப் பருவத்தில் ஒரு வகுப்பு எடுத்திருக்கிறேன். அதற்கு இது வீட்டுப்பாடம். எந்த மொழியிலும் எழுதலாமாம். அவர் படிக்க மாட்டாராம், எழுதியிருக்கிறோமா என்று மட்டும் புரட்டிப் பார்ப்பாராம். அப்படியென்றால் தமிழ்தான். புரட்டினால் ஜிலேபி ஜிலேபியாகத் தெரியும், நன்றாகப் பாருங்கள் மேடம்.

நான் செண்பகவல்லி. சொந்த ஊர் கோவில்பட்டி, இருப்பது கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட், வயது நாற்பத்து நான்கு. ஊரில் பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம் படிக்கும்போதே கல்யாணம் முடித்து விமானம் ஏற்றிவிட்டார்கள். மகன் இங்கே ஹைஸ்கூலில் சேர்ந்த வருடம், வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் ஒரே ஒரு வகுப்பில் சேர்ந்தேன். சைக்காலஜி. ஒன்று இரண்டாகி, இரண்டு பத்தாகி, இங்கே படிக்க வேண்டியதெல்லாம் தீர்ந்துவிட்டது. மேலே படிக்க வேண்டுமானால் யுனிவர்சிட்டிக்கு மாறி மூன்றாம் வருடத்தில் சேர வேண்டும். நவம்பரில் விண்ணப்பம் போட்டேன்.

அதே நவம்பரில் அதே யுனிவர்சிட்டிக்கு என் மகன் செழியனும் போட்டான். அவனுக்கு முதல் வருடம், கம்ப்யூட்டர் சயன்ஸ். வீட்டில் அவன் விண்ணப்பம்தான் விண்ணப்பம். என்னுடையதைப் பற்றி இவர் சொன்னது, "போட்டு வை, என்ன கெட்டுப் போச்சு." இவர் என்றால் என் வீட்டுக்காரர், ஆவுடையப்பன்.

பயமாக இருக்கிறது. முந்நூறு பேர் உட்காரும் வகுப்பாம், எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகளாம். அங்கே போய் நான் கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்டால் யாரோ வீட்டு அம்மா வழி தெரியாமல் வந்துவிட்டார் என்று நினைப்பார்கள். கிடைத்தால்தானே. போதும், ஒரு பக்கம் ஆகிவிட்டது.

மார்ச் 27

செழியனுக்குக் கிடைக்கவில்லை.

மற்ற இடங்களிலிருந்தும் இந்த வாரம் முழுக்க ஒவ்வொன்றாக இல்லை, இல்லை என்றே வந்துகொண்டிருந்தது. இதுதான் கடைசி. எந்த இடத்தின் பெயர் போட்ட ஸ்வெட்டரை இரண்டு வருடமாகக் கழற்றாமல் போட்டுத் திரிகிறானோ அந்த இடம். போனைப் பார்த்தான், மேஜைமேல் கவிழ்த்து வைத்தான். "டிட்ன்ட் கெட் இன்" என்றான். நான் தமிழில் கேட்பேன், அவன் இங்கிலீஷில் பதில் சொல்வான். இந்த வீட்டில் பெரும்பாலும் அப்படித்தான்.

இவர், "எங்கயும் இல்லையா?" என்றார்.

"நோவேர்."

"எல்லாப் பிள்ளைகளுக்கும் எங்கயாவது ஒண்ணு கெடைக்குல்லா. நீ என்ன எழுதிப் போட்ட?"

"ஏங்க, விடுங்க" என்றேன். தோசை வார்த்தேன். ஒன்று சாப்பிட்டான். அதையும் எனக்காகத்தான் சாப்பிட்டான் என்று நினைக்கிறேன்.

ஊரிலிருந்து மாமியார் போன். "பேரனுக்கு ஆயிருச்சா?" என்று கேட்டார்கள். "இன்னும் வரலம்மா" என்றார் இவர் பக்கத்திலிருந்து, நான் வாய் திறப்பதற்குள்.

ஏப்ரல் 3

சாப்பிடவில்லை. பள்ளிக்கூடம் போனான்.

ஏப்ரல் 4

அரைத் தோசை.

ஏப்ரல் 10

இன்றைக்கு வகுப்பில் என்னை எல்லோரும் கைதட்டிப் பாராட்டினார்கள், எழுதி வைக்கிறேன்.

இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்தார் டேலி மேடம். ஒருவர் உயிரை விட நினைக்கிறவர், இன்னொருவர் அவரிடம் பேசுகிறவர். எனக்கு ஜோடி மரிசோல். மெக்சிகோக்காரி, பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறாள், வகுப்பில் என் வயதை நெருங்குகிற ஒரே ஆள். அவள் நன்றாக நடித்தாள், நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுற்றி வளைக்கக் கூடாது, "மனசு சரியில்லையா" என்று மழுப்பக் கூடாது, தற்கொலை செய்துகொள்ள நினைக்கிறாயா என்று அந்த வார்த்தையைச் சொல்லியே கேட்க வேண்டும் என்பது மேடத்தின் விதி. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாதாம். கேட்காவிட்டால்தான் அந்த ஆள் தனியாகக் கிடப்பாராம். பாதிப் பேர் திக்கினார்கள். நான் நேராக அவள் கண்ணைப் பார்த்து, இங்கிலீஷில், ஒரு தடங்கலும் இல்லாமல் கேட்டேன். "பெர்ஃபெக்ட், ஷென்" என்றார் மேடம். செண்பகவல்லி அவர் வாயில் நுழையாது.

வீட்டுக்கு வந்தபோது செழியன் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். வெளிச்சம் இருக்கும்போதே படுத்துவிடுகிறான், பாவம், படித்த களைப்பு. "சாப்பிட்டியால?" என்று கேட்டேன். "ஐ ஆம் ஃபைன்மா" என்றான்.

ஏப்ரல் 24

எனக்குக் கிடைத்துவிட்டது.

மளிகைக் கடை வாசலில், வண்டிக்குள் உட்கார்ந்துதான் பார்த்தேன். கலர் காகிதம் பறக்கிற மாதிரி போனில் ஏதோ பறந்தது. என் பெயர். சைக்காலஜி. மூன்றாம் வருடம். அதே யுனிவர்சிட்டி. ஐயோ என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கி, உதவி வேண்டுமா என்று கேட்டார்.

காலையில் பல் விளக்கும்போது எங்கள் ஊர் அம்மனிடம் வேண்டியிருந்தேன். தாயே, எனக்கு மட்டும் கிடைத்துவிடக் கூடாது, உன் பெயரைத்தானே வைத்திருக்கிறேன், இந்த ஒன்றைச் செய் என்று. கேட்டதைக் கொடுக்காத அம்மன், கேட்காததை மட்டும் கைநிறையக் கொடுக்கிறாள்.

சந்தோஷமாகவும் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்தேன். அப்புறம் செழியன் முகம் ஞாபகம் வந்தது. கொத்தமல்லி வாங்கப் போய் வெண்டைக்காயோடு வந்தேன்.

ஜூன் முதல் தேதிக்குள் சேர்கிறேன் என்று சொல்ல வேண்டும். இந்தப் பருவத்துத் தேர்வுகளையும் எழுதி முடிக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் தானாகவே போய்விடும். யாருக்கும் தெரியாமலே போய்விடும். அதுதான் நல்லது.

மே 2

யுனிவர்சிட்டியிலிருந்து பெரிய கவர் தபாலில் வந்தது. இந்தக் காலத்தில் எதற்குத் தபால்? மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன், அந்த நேரம் பார்த்து உமையாள் வந்துவிட்டார். வாரக் கடைசியில் நடக்கும் தமிழ்ப் பள்ளிக்கு அவர்தான் தலைமை ஆசிரியை, காரைக்குடிக்காரர், ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம், செழியனுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவர். ஆண்டு விழா நாடகத்துக்குச் சேலை வாங்கிப் போக வந்தார். கவர்மேல் யுனிவர்சிட்டிப் பெயர், கீழே சைக்காலஜித் துறை என்று கொட்டை எழுத்தில். பெறுநர் பெயர் இருந்த பக்கம் அடியில் இருந்தது.

"அடி செண்பகம்! கெடச்சிருச்சா! மூச்சு விடலையே நீ!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "சைக்காலஜியா? அதுவும் நல்ல படிப்புத்தான். புள்ள எங்க?"

எனக்குத்தான் ஆச்சி என்று சொல்ல வேண்டியதுதானே. வாய் வரவில்லை. செழியன் அறைக் கதவு மூடியிருந்தது, உள்ளே இருந்தான். "யார்ட்டயும் சொல்லிராதீங்க ஆச்சி, சேர்ற வரைக்கும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை.

"நான் ஏன் சொல்றேன். கண்ணு படும்ல" என்றார்.

அவர் போனதும் கவரை அரிசி டிரம்முக்குள் செருகி வைத்தேன். அரிசி டிரம்மை இந்த வீட்டில் என்னைத் தவிர யார் திறக்கப் போகிறார்கள்.

மே 6

இன்றைக்கு ஒரு நல்ல நாள். செழியன் அறையைச் சுத்தம் செய்தான்! எத்தனை வருடமாகக் கத்தியிருப்பேன். பழைய புத்தகம், ஷூ எல்லாம் பெட்டியில் கட்டினான். தான் வாசிக்கிற கீபோர்டைத் தமிழ்ப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டான், அவனே தூக்கிக்கொண்டு போய். உமையாள் போன் செய்து "தங்கமான புள்ள" என்று உருகினார். அந்த ஸ்வெட்டரையும் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்திருந்தான்.

நான் காலேஜிலிருந்து வருவதற்குள் குக்கரில் சாதமும் வைத்திருந்தான். சொல்லாமலே. தண்ணீர் கொஞ்சம் அதிகம், பரவாயில்லை.

கவர் வைத்த இடத்திலேயே இருந்தது. கொஞ்சம் திரும்பியிருந்தது. அரிசி அள்ளினால் திரும்பத்தான் செய்யும்.

மே 8

வகுப்பில் அறிகுறிகள் பற்றிப் பாடம். சாப்பாடு குறையும், தூக்கம் கெடும், பிடித்த விஷயம் பிடிக்காமல் போகும், தன் பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள், திடீரென்று ரொம்ப அமைதியாகிவிடுவார்கள்.

எழுதிக்கொண்டேன். தேர்வில் வரும்.

மரிசோல் என் கையைப் பார்த்துவிட்டு, பேனாவை ஏன் இப்படி அழுத்துகிறாய் என்று கேட்டாள். காகிதம் கிழிந்திருந்தது. மட்டமான காகிதம்.

இதெல்லாம் தனியாகக் கிடக்கும் பிள்ளைகளுக்குச் சொன்னது. செழியன் அம்மா அப்பாவோடு இருக்கிறான். மூன்று வேளையும் சுடச்சுடச் சாப்பாடு இருக்கிறது.

மே 17

எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா. ஹைஸ்கூல் முடிக்கிற பழைய மாணவர்களை மேடைக்குக் கூப்பிட்டு, எங்கே படிக்கப் போகிறார்கள் என்று மைக்கில் சொல்லி, ஆளுக்கொரு பொன்னாடை போர்த்துவது வழக்கம். செழியன் வர மாட்டேன் என்றுதான் சொன்னான். "வராட்டா என்னன்னு கேப்பாங்கல்லா" என்று இவர்தான் இழுத்துக்கொண்டு வந்தார். பேரைக் கூப்பிட்டால் சும்மா போய் வாங்கிக்கொண்டு வந்துவிடு, இன்னும் முடிவாகவில்லை என்று சொல்லிவிடலாம் என்று பேச்சு.

உமையாள் மைக்கைப் பிடித்தார். "அடுத்து, தன்னோட கீபோர்டையே பள்ளிக்குக் குடுத்த நம்ம பிள்ளை, செழியன் ஆவுடையப்பன்! அம்மாக்காரி யார்ட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கினா. இன்னைக்குமா சொல்லாம இருப்பேன்?" என்று சிரித்துவிட்டு, யுனிவர்சிட்டி பெயரைச் சொல்லி, "உளவியல்!" என்றார். சபை முழுக்கக் கைதட்டல். பின்னால் யாரோ விசில் அடித்தார்கள்.

"உளவியலா?" என்றார் இவர் என்னிடம். கையில் வடைத் தட்டு.

பின் வரிசையில் ஒருவர் மெதுவாக, "கம்ப்யூட்டர் கெடைக்கல போல. ஆனாலும் எடம் பெரிய எடம்லா" என்றார்.

நான் எழுந்து நின்று, ஆச்சி அது எனக்கு, என் பிள்ளைக்கு இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எழுந்திருக்க முடியவில்லை. செழியன் மேடையில் நின்று என்னைத் தேடினான், என்னைக் கண்டுபிடித்தான், பார்த்தான். கோபம் இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உமையாளுக்கு எட்டவில்லை என்று தலையைக் குனிந்து கொடுத்தான். சிவப்பில் ஜரிகை போட்ட பொன்னாடை. மைக்கில், தமிழில், "நன்றி" என்றான். எனக்குக் கிடைத்த இடத்துக்கு என் பிள்ளை நன்றி சொன்னான்.

கீழே இறங்கியதும் ஒவ்வொருவராகக் கை கொடுத்தார்கள். "தேங்க்ஸ் அங்கிள், தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று எல்லோருக்கும் சொன்னான்.

வண்டியில் ஏறியதும் இவர் வெடித்தார். "என்னல இது? யாருட்ட என்ன பொய் சொல்லி வச்சிருக்க? நாளைக்கு ஊரு சிரிக்காதா?"

"அது அம்மாவோடது" என்றான் செழியன் பின்சீட்டிலிருந்து. "ரைஸ் எடுக்கும்போது பார்த்தேன்." அப்புறம் என் தோளைத் தொட்டு, "கங்கிராட்ஸ்மா" என்றான்.



மே 18

பொன்னாடையை நன்றாக மடித்து என் கட்டில்மேல் வைத்திருந்தான்.

காலையில் நாலு இட்லி சாப்பிட்டான். அப்பாவோடு உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துச் சிரித்தான். இவர் அடுப்படிக்கு வந்து, "பாத்தியா, தெளிஞ்சிட்டான். நாமதான் பயந்துட்டு கெடந்தோம்" என்றார். என் இடத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை இவர். நானும் பேசவில்லை.

இந்த வீட்டில் இப்படி ஒரு நிம்மதியான நாள் வந்து ரொம்ப நாளாகிறது. சட்னி அரைக்கும்போது மூடியைச் சரியாகப் போடாமல் ஓட்டி, சுவரெல்லாம் தேங்காய்.

மே 20

கேட்டுவிடுவது என்று போனேன். கதவைத் தட்டினேன். "என்னம்மா?" என்றான்.

"துவைக்கத் துணி இருக்கா?" என்று கேட்டேன்.

திரும்ப வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடியும் போனேன். "நாளைக்குப் பொங்கலா உப்புமாவா?" என்று கேட்டேன். மூன்றாவது தடவை போய், தலைக்கு எண்ணெய் வைத்துவிடட்டுமா என்று கேட்டேன். பதினேழு வயதுப் பையனிடம். கருமம். "அம்மா, ஆர் யூ ஓகே?" என்று அவன் என்னைக் கேட்டான்.

மரிசோலிடம் எவ்வளவு சுளுவாகக் கேட்டேன். இங்கிலீஷில் அது பாடப் புத்தகத்து வாக்கியம், எனக்கு ஒட்டவே இல்லை. தமிழில் அந்த வார்த்தையை நினைத்தாலே என் அம்மா வாயில் ஒன்று போடுகிற மாதிரி இருக்கிறது. சின்ன வயதில் தம்பியைச் "செத்துத் தொலை" என்று திட்டியதற்கு வாயில் மிளகாய் தேய்த்தவர். வீட்டில் பெண் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் விழக் கூடாது, அதுவும் பெற்றவள் வாயிலிருந்து. விழுந்தால் பலித்துவிடும். இது மூடநம்பிக்கை என்று ஐந்து பக்கம் கட்டுரை எழுதித் தருவேன், முழு மதிப்பெண்ணும் வாங்குவேன். கேட்க மட்டும் மாட்டேன்.

மே 21

இவரிடம் சொன்னேன். கீபோர்டு, பெட்டிகள், சாப்பாடு, இப்போது இந்தச் சிரிப்பு, எல்லாவற்றையும் சேர்த்து வைத்துச் சொன்னேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன்.

"ஏட்டி, வாய மூடு" என்றார். "பெத்தவ பேசுற பேச்சா இது? நாலு எழுத்து படிச்சா வீட்டுல உள்ளவங்க எல்லாம் நோயாளியாத் தெரியுமா?" சொல்லிவிட்டு, எழுந்து போய் செழியன் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றார். தட்டவில்லை.

நாளைக்கு டேலி மேடத்தின் தேர்வு. அதுதான் கடைசி.

மே 23

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

என் வண்டி பட்டறையில் இருந்தது. தேர்வுக்குச் செழியன்தான் கொண்டுபோய் விட்டான். வழியில், நான் கேட்காமலே பேசினான். "அங்க உங்களுக்கு நல்லா இருக்கும்மா. யூ ஷுட் கோ. அப்பாவும் பழகிடுவாரு."

"நான் டிரெயின்ல போய்ட்டு வரதுக்கு அவரு என்னல பழகணும்?"

"எல்லாத்துக்கும்தான்" என்றான். சிக்னலைப் பார்த்துக்கொண்டே, சாதாரணமாக.

காலேஜ் வண்டி நிறுத்தத்தில் நிறுத்தினான். கதவைத் திறந்தேன், ஒரு காலை வெளியே வைத்தேன். மரிசோல் தூரத்தில் கையைக் காட்டிவிட்டு உள்ளே ஓடினாள். மூடினேன் கதவை. உள்ளேயே உட்கார்ந்தேன்.

"லேட் ஆகுதும்மா."

இங்கிலீஷில் கேட்டிருக்கலாம். இங்கிலீஷில் கேட்டால் "ஐ ஆம் ஃபைன்" என்பான். எத்தனை மாதமாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறான். "ஏல செழியா" என்றேன். தாயே, என் வாயில் வருவது என் பிள்ளைமேல் விழக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் கேட்டேன்.

"செத்துப் போயிரலாம்னு நெனைக்கியாப்பா?"

ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். அவன் காது சிவந்தது. சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வருவதற்கு முன்னால் அப்படித்தான் சிவக்கும்.

"ஆமாம்மா" என்றான்.

தமிழில் சொன்னான். எனக்குக் கண் இருட்டியது. கத்த வேண்டும் போல, அவனை அறைய வேண்டும் போல, மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போல எல்லாம் ஒன்றாக வந்தது. "வண்டிய ஆஃப் பண்ணு" என்றேன். ஆஃப் செய்தான். "நான் எங்கயும் போகல. சொல்லு."

சொன்னான். காலேஜ் அட்மிஷன் முடிவுகளுக்கு முன்னாலேயே, பிப்ரவரியிலிருந்தே அந்த நினைப்பு இருந்ததாம். முடிவு வந்தால் சரியாகிவிடும் என்று காத்திருந்தானாம். எப்படி, என்றைக்கு என்று யோசித்து வைத்திருந்ததையும் கேட்டேன், சொன்னான். அதை இங்கே எழுத மாட்டேன். அழுதுகொண்டே பேசினான், பாதி தமிழ், பாதி இங்கிலீஷ்.

"ஏன்டா ஒரு வார்த்தை எங்ககிட்ட சொல்லல?"

"நீங்கதானே யார்கிட்டயும் எதையும் சொல்லக் கூடாதுன்னு சொல்வீங்க" என்றான். "நல்லது நடந்தாலும் சொல்லக் கூடாது. நடக்கலன்னாலும் சொல்லக் கூடாது. பாட்டிகிட்ட இன்னும் வரலைன்னு சொன்னீங்க. ஸ்டேஜ்ல அது என்னோடதுன்னு சொன்னாங்க, நீங்க ஒண்ணுமே சொல்லல. எனக்குக் கெடைக்கலன்னு சொல்றது அவ்ளோ அசிங்கமா இருந்தா, இத எப்படிம்மா சொல்றது?"

"தப்புத்தான்டா, என் தப்புத்தான்" என்றேன். அவன் தலையைப் பிடித்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன். பெரிய தலை, கனமாக இருந்தது. உள்ளே தேர்வு நடந்துகொண்டிருந்தது. நான் கற்றுக்கொண்ட உதவி எண்ணைக் கூப்பிட்டேன், ஸ்பீக்கரில் போட்டு அவனையும் பேச வைத்தேன், அவர்கள் சொன்னபடி நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் ஓட்டினேன்.

இவர் ஆபீஸ் அடையாள அட்டை கழுத்தில் தொங்க ஓடி வந்தார். செழியன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் காலைப் பிடித்து அமுக்கிக்கொண்டே இருந்தார். "வேண்டாம்ல, வேண்டாம்ல" என்று மட்டும் சொன்னார்.

மே 27

இன்று வீட்டுக்கு வந்தான். எதையெல்லாம் பூட்டி வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள், பூட்டினோம். சாவி என் இடுப்பில். வாரம் இரண்டு தடவை டாக்டர்.

டேலி மேடத்துக்கு ஏன் வரவில்லை என்று எழுதியிருந்தேன். வியாழக்கிழமை வந்து எழுது என்று ஒரு வரி பதில்.

ஒவ்வொரு நாளும் கேட்கிறேன். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, அதே வார்த்தையைச் சொல்லி. "இருக்கா?" "கொஞ்சம்." "நேத்தவிடயா?" "கம்மி." வார்த்தை முன்னைவிட எளிதாக வருகிறது.

மே 31

தேர்வு எழுதிவிட்டேன். பாஸ் ஆகிவிடும். ஆனால் யுனிவர்சிட்டி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். இவனை விட்டுவிட்டு எங்கே போவது. இவரிடம் சொன்னேன்.

இவர் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார். உமையாள்.

"ஆச்சி, ஒரு விஷயம். அன்னைக்கு பொன்னாடை போட்டீங்கள்ல, அது எம்பிள்ளைக்கு உள்ளதில்ல. செண்பகத்துக்குத்தான் எடம் கெடச்சிருக்கு. பிள்ளைக்கு எங்கயும் கெடைக்கல." இவர் போனை வாய்க்கு இன்னும் அருகில் கொண்டுபோனார். "அவனுக்கு மனசு சரியில்லாம ஆஸ்பத்திரில இருந்து வந்திருக்கான். யாரும் கேட்டா இதையே சொல்லுங்க. மறைக்க வேண்டாம்."

பிறகு இதே விஷயத்தை ஊருக்குப் போன் போட்டு அவர் அம்மாவிடமும் சொன்னார். அங்கே அழுகைச் சத்தம் கேட்டது. செழியன் சோபாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். போனை வைத்ததும் இவர் அவனிடம், "நான் எல்லாருட்டயும் சொல்லிட்டேன்ல. இனி ஒளிக்கதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார். செழியன் தலையாட்டினான்.

கொஞ்ச நேரம் கழித்து என் லேப்டாப்பைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். "நாளைக்கு லாஸ்ட் டேட். நீங்க போகலன்னா அதுவும் என்னாலன்னு ஆயிடும்மா. எனக்கு அது வேண்டாம்" என்றான்.

பட்டனை அழுத்தினேன். பயத்தில் அழுத்தினேன், சந்தோஷத்தில் இல்லை.

ஜூலை 19

கம்யூனிட்டி காலேஜில் செழியன் இரண்டு வகுப்புகள் மட்டும் எடுக்கிறான். எந்த வாத்தியார் நல்லவர், எங்கே வண்டி நிறுத்த இடம் கிடைக்கும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். தமிழ்ப் பள்ளியிலிருந்து உமையாள் கீபோர்டைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். "பள்ளிக்கு வேற வாங்கிக்கிறோம்" என்றார். இன்னும் வாசிக்கவில்லை அவன். உறையைக் கழற்றி வைத்திருக்கிறான்.

ஆகஸ்ட் 27

யுனிவர்சிட்டியில் முதல் நாள்.

செழியன்தான் கொண்டுவந்து விட்டான். காலையில் கேட்டேன். "இன்னைக்கு இல்ல" என்றான். "இன்னைக்கு" என்று அழுத்திச் சொன்னான். நான் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று.

வாசலில் பிள்ளைகள் சாரை சாரையாகப் போனார்கள். எல்லோருக்கும் வழி தெரிந்த மாதிரி இருந்தது. கட்டடங்கள் கோர்ட்டுக் கட்டடம் மாதிரி உயரமாக இருந்தன. பையைத் திறந்து பேனா இருக்கிறதா என்று பார்த்தேன். மூடினேன். மறுபடி திறந்து பார்த்தேன். தண்ணீர் பாட்டிலை எடுத்தேன், குடிக்காமல் வைத்தேன். "சாயங்காலம் ரசம் சூடு பண்ணிக்கோ. பருப்பு ஃப்ரிட்ஜில இருக்கு. மாத்திரை..." என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனேன்.

"அம்மா" என்றான் செழியன். "பயமா இருக்கா?"

இத்தனை மாதத்தில் என்னை யாரும் அதைக் கேட்கவில்லை. நானே என்னைக் கேட்கவில்லை. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆமா" என்றேன்.

வண்டியை ஆஃப் செய்தான். சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"நான் எங்கயும் போகல" என்றான். "சொல்லுங்க."

சொன்னேன். வகுப்பு தொடங்கிய பிறகுதான் உள்ளே போனேன். கடைசி வரிசையில் இடம் இருந்தது.